பேனா யார் கையில் இருந்தது

ஜனவரி 8

தம்பி,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுவிடாதே. இது சமாதானக் கடிதம் இல்லை, வேலை விஷயம். போனில் நீ என்னை ப்ளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. மெயில் அனுப்பினால் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. தபால்காரரை உன்னால் ப்ளாக் செய்ய முடியாது என்று தைரியமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் காகிதப் படிவத்தை நிறுத்துகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக ஓர் அட்டை, ஒரு கிளிப், மூன்று கார்பன் நகல் என்று லிஃப்டுகளைப் பரிசோதித்து வந்தவள் நான். மொட்டைமாடி மெஷின் அறையில் நின்றபடி எழுதுவேன், லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் குந்திக்கொண்டும் எழுதுவேன். பழுது இருந்தால் பழுது என்று குறித்து, மஞ்சள் நகலைக் கிழித்துக் கட்டடப் பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். பிப்ரவரியிலிருந்து எல்லாம் திரையில். பழுது என்று குறித்தால் அது தானாகவே பராமரிப்புக் கம்பெனிக்குப் போய்விடுமாம்.

மூன்று மாடல்களைக் காட்டி, ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் லேப்டாப் என்கிறார்கள், ஆனால் நான் பார்த்த லேப்டாப் போல ஒன்றுமே இல்லை. ஒன்றில் மேல்பாதி தனியாகக் கழன்று வருகிறது. இன்னொன்று புத்தகத்தைத் திருப்பி மடிப்பது போல முழுக்கப் பின்னால் மடிகிறது. மூன்றாவதும் மடிகிறது, ஆனால் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. மூன்றுக்கும் தொட்டால் வேலை செய்கிற திரை. கூடவே பதினெட்டு வரி விவரம் கொடுத்தார்கள். அதில் எனக்குப் புரிந்தது எடை ஒன்றுதான். கூட வேலை செய்கிற இருவரைக் கேட்டேன். ஒருவர் பெரியதுதான் சரி என்றார், மற்றவர் கழலுவதுதான் சரி என்றார். இரண்டு பேருமே இன்னும் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

நீ தினமும் பத்து லேப்டாப்பைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறவன். எது என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லையென்றால் எழுத வேண்டாம்.

உன் அத்தான் நன்றாக இருக்கிறார். நீ கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

இழுப்பறையில் போடவில்லை. ரிப்பேர் மேஜையில் இரண்டு நாள் கிடந்தது, மூன்றாம் நாள் பிரித்தேன்.

ஒரு வரியில் சொல்ல முடியாது. செருப்புக் கடையில் போய் எது நல்ல செருப்பு என்று கேட்டால், கடைக்காரன் முதலில் உன் காலைத்தான் பார்ப்பான். நீ எழுதியதை வைத்து உன் காலை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீ நின்றுகொண்டு, இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு எழுதுகிறவள். அப்படியென்றால் பெரியது வேண்டவே வேண்டாம். மேஜைமேல் அது ராஜா, கையில் அரை மணி நேரத்தில் செங்கல். கழலுவதும் வேண்டாம். குழிக்குள் இறங்கும்போது கீழ்ப்பாதியை எங்காவது வைப்பாய், ஏறி வந்ததும் எங்கே வைத்தோம் என்று தேடுவாய். பின்னால் மடிகிற சின்னதை எடு. பேனா உடம்புக்குள்ளேயே செருகிக்கொள்கிற மாதிரி இருக்கிறதா என்று பார். காந்தத்தில் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் பேனா என்றால் முதல் வாரமே அது லிஃப்ட் குழிக்குள் இருக்கும். ஜன்னல் பக்கத்தில் நின்று திரை தெரிகிறதா என்றும் பார். மினுமினுப்பான திரையில் உன் முகம்தான் தெரியும்.

இன்னொன்று. படம் வரைவதற்காக இந்த மாதிரி மெஷினைத் தினமும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி உன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தாளே, உன் சிநேகிதி, அவளைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் பதில் கிடைத்திருக்கும். நானும் அவளும் பிரிந்த அதே வாரம் நீ அவளுக்கு அறை ஒழித்துக் கொடுத்தாய். நீ யாருக்கு அக்கா என்று அன்றைக்குக் கேட்டேன். இன்றுவரை நீ பதில் சொல்லவில்லை.

இது வேலை விஷயம் இல்லை. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனாவில் எழுதியதை அடித்தால் அடித்தது இன்னும் நன்றாகத் தெரியும். இருக்கட்டும்.

தம்பி


ஜனவரி 27

தம்பி,

நீ சொன்னதையே எடுத்துவிட்டேன். மடிகிற சின்னது, பேனா உள்ளே செருகுவது.

ஆபீஸில் ஒரு நாள் முழுக்க மூன்றையும் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவுப் பையன் திரையைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். ஒடித்துவிட்டான் என்று நினைத்து எழுந்தே விட்டேன். அது சத்தம் போடாமல் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டது. இப்போது விசைப்பலகை அடியில் இருக்கிறது, பிடித்தால் என் விரல்கள் எல்லாம் எழுத்துகள் மேலேயே படுகின்றன. ஏதாவது அடிபட்டுவிடாதா என்றேன். மடித்ததும் அது தூங்கிவிடும் என்றான். தூங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். எனக்கு இன்னும் பதில் வேண்டும்.

ஒரு வாரமாக ஆபீஸில் உட்கார்ந்து பழகுகிறேன். திரையை நிமிர்த்தினால் படிவம் நீளமாகிறது, சாய்த்தால் அகலமாகிறது. நாலாவது வரியில் இருந்தவள் திடீரென்று பதினோராவது வரியில் இருக்கிறேன். எழுதும்போது உள்ளங்கை திரையில் படுகிறது. பட்ட இடத்தில் எல்லாம் தானாகக் குறி விழுகிறது. நேற்று ஒரு நல்ல லிஃப்டுக்கு ஆறு பழுது போட்டிருந்தேன். கையைத் தூக்கி வைத்து எழுதிப் பார்த்தால் தோள் வலிக்கிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா, அல்லது இப்படித்தான் இருக்குமா?

உன் கேள்விக்கு வருகிறேன். அவளை ஏன் கேட்கவில்லை என்றால், அவளைக் கேட்டிருந்தால் உனக்கு எழுத எனக்குக் காரணம் கிடைத்திருக்காது. நான் யாருக்கு அக்கா என்று நீ கேட்டபோது எனக்கு உண்மையாகவே பதில் தெரியவில்லை. அவள் ஒரு பையோடு வாசலில் நின்றாள். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டுமா என்று இப்போதும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

உள்ளங்கைக்கு வழி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போனால் 'பேனா' என்று ஒரு பக்கம் வரும். அதில் விரல் தொடுகையை அணைக்க ஓர் இடம் இருக்கும். அணைத்துவிடு. அதற்குப் பிறகு திரைக்குப் பேனாவைத் தவிர வேறு எதுவும் தெரியாது. உள்ளங்கை பட்டாலும், முழங்கை பட்டாலும், உன் கண்ணாடி கழன்று விழுந்தாலும் அது கண்டுகொள்ளாது. பக்கத்தை மேலே கீழே தள்ளுவதற்கும் பேனாவையே பயன்படுத்து, இரண்டு நாளில் பழகிவிடும்.

திரை சுழலாமல் பூட்டவும் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கும். நிமிர்ந்த நிலையில் பூட்டிக்கொள். கையெழுத்து வாங்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

விசைப்பலகை தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, மடித்து வைத்து ஏதாவது ஓர் எழுத்தை அழுத்திப் பார். ஒன்றும் வரவில்லையென்றால் தூங்குகிறது. அந்தப் பையனுக்கு இது தெரியவில்லையா?

மற்றதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. எழுத உட்கார்ந்தால் நீ செய்தது சரி என்று ஒரு பாராவும், தப்பு என்று ஒரு பாராவும் வருகிறது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

விரலை அணைத்த நாளிலிருந்து நிம்மதி. தோள் வலி போய்விட்டது. தினமும் நாலு லிஃப்ட் பார்க்கிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. திரையை நிமிர்த்தி சாதாரண லேப்டாப் ஆக்கித் தட்டச்சு செய்கிறேன். முடித்ததும் கூடாரம் போலக் கவிழ்த்து நிறுத்தினால் உன் அத்தான் அதில் செஸ் ஆடுகிறார். அவருக்குப் பேனா பிடிக்கவில்லை. விரலால்தான் நகர்த்துவேன் என்று அடம். அவருக்காகத் திறந்து, எனக்காக மூடி, நாளுக்கு இரண்டு முறை அதே பக்கத்துக்குப் போய் வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் இப்போது.

ஆனாலும் ஏதோ ஒன்று சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. முன்பெல்லாம் வேலை முடிந்ததும் மஞ்சள் காகிதத்தை அவர்கள் கையில் கொடுப்பேன். அவர்கள் படிப்பார்கள், 'இது என்ன மேடம்' என்று கேட்பார்கள், நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். இப்போது அனுப்பு என்ற இடத்தைத் தொட்டதும் எல்லாம் போய்விடுகிறது. என்ன போனது என்று எனக்கும் தெரிவதில்லை, அவர்களுக்கும் தெரிவதில்லை. பரிசோதித்துவிட்டு வந்தேனா, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேனா என்று சில நாள் சந்தேகமே வருகிறது.

வயதாகிவிட்டது என்று நீ சிரிக்கலாம். சிரி.

அக்கா


ஏப்ரல் 22

தம்பி,

ஒரு விபத்து நடந்துவிட்டது. எனக்கு இல்லை. ஆனால் என்னால்தானோ என்னவோ.

ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்று. பழைய லிஃப்ட், ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கிற கதவு. லிஃப்ட் பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் கதவின் பூட்டு விட வேண்டும். மார்ச் 27ஆம் தேதி நான் பார்த்தபோது நாலாவது மாடிப் பூட்டின் கொக்கி தேய்ந்திருந்தது. பிடித்தது, ஆனால் நுனியில்தான் பிடித்தது. லிஃப்டை அன்றே நிறுத்தும் அளவுக்கு இல்லை. பழுது என்று குறித்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றியாக வேண்டும். குறித்தேன். குறித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அந்த மாடியில் குடியிருக்கிற ஒரு கணக்கு டீச்சர் கதவை இழுத்திருக்கிறார். திறந்துகொண்டது. பெட்டி அங்கே இல்லை. ஒரு மாடி கீழே இருந்தது. அதனால் இடுப்பளவு ஆழத்தில் பெட்டியின் கூரைமேல் விழுந்தார். கணுக்கால் முறிவு, மணிக்கட்டு முறிவு. பெட்டி இன்னும் ஒரு மாடி கீழே இருந்திருந்தால் நான் இப்போது என்ன எழுதிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

ஆபீஸில் என் அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள். நாலாவது மாடிப் பூட்டு: சரி.

நான் பழுது என்றுதான் குறித்தேன், தம்பி. குறித்தேன் என்று நினைக்கிறேன். இல்லை, குறித்தேன். கொக்கியின் பளபளப்பான நுனி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் பேனாவை வைத்த இடம் நினைவில் வர மாட்டேன் என்கிறது. கட்டடப் பொறுப்பாளரிடம் வாயாலும் சொன்னதாக நினைவு. அவரைக் கேட்டால், 'நிறைய சொன்னீங்க மேடம், இது சொன்னீங்களான்னு தெரியலயே' என்கிறார். அவர் பொய் சொல்கிற முகம் இல்லை. நான் சொன்னேனா என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

மெஷின் என் கையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் உள்ளே பார்த்து என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கடிதத்தை அவசர அஞ்சலில் அனுப்புகிறேன். நீயும் பதிலை அப்படியே அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

எதையும் தொடாதே. திறக்காதே, தேடாதே, அத்தானைச் செஸ் ஆட விடாதே. நான் சொல்லிக்கொடுத்து நீ உள்ளே போனால், பிறகு நீ எதையோ மாற்றினாய் என்று ஆகிவிடும். அணைத்து, பையில் போட்டு, அப்படியே கொடு. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்.

இந்த மாதிரிப் படிவங்கள் ஒவ்வொரு குறியும் எப்போது விழுந்தது, பேனாவால் விழுந்ததா விரலால் விழுந்ததா என்று தங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். அதை எடுத்துக் காட்டச் சொல்லி எழுத்தில் கேள். நீதான் கேட்க வேண்டும், அவர்களாக எடுக்க மாட்டார்கள்.

டீச்சர் எப்படி இருக்கிறார்?

தம்பி


மே 9

தம்பி,

நீ சொன்னபடியே கேட்டேன். நேற்று விசாரணை அறையில் வாசித்துக் காட்டினார்கள். நான்கு பேர், ஒரு நீள மேஜை, நடுவில் என் மெஷின் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்.

நாலாவது மாடிப் பூட்டு, 11.38, பழுது, பேனா. அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் புத்தி பிசகவில்லை என்று அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரியையும் வாசித்தார்கள். நாலாவது மாடிப் பூட்டு, 11.46, சரி, பேனா. 11.47, பொறுப்பாளர் கையெழுத்து, பேனா. 11.48, அனுப்பப்பட்டது.

எட்டு நிமிடம் கழித்து யாரோ மாற்றியிருக்கிறார்கள். உள்ளங்கை இல்லை, விரல் இல்லை. பேனா.

11.46க்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் துண்டு துண்டாகத்தான் வருகிறது. தரைத்தளத்தில் பொறுப்பாளருடைய மேஜைக்குப் பக்கத்தில் நானும் அவரும் நின்றோம். கையெழுத்துக்காகத் திரையின் பூட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். படிவம் அகலமாகி, கையெழுத்துப் பெட்டி எங்கோ கீழே போய்விட்டது. பேனாவை அவரிடம் கொடுத்தேன். 'எங்க போடணும் மேடம்' என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தைத் தள்ளிப் பார்த்தார். வரவில்லை. நான் வாங்கித் தள்ளினேன். பெட்டி வந்தது. மறுபடியும் அவரிடம் கொடுத்தேன். இதெல்லாம் ஒரே நிமிடத்துக்குள். பேனாவால் பக்கத்தைத் தள்ளும்போது அது எந்த வரிமேல் பட்டாலும் குறி மாறிவிடும் என்று கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் செய்து காட்டினார். ஒரே ஒரு இழுப்பு. பழுது, சரி ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே தெரியவில்லை.

அந்த இழுப்பு என்னுடையதா, அவருடையதா? தெரியவில்லை. மெஷினுக்கும் தெரியாது. அதற்குப் பேனா ஒன்றுதான், கை எல்லாம் ஒன்றுதான்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும்.

அக்கா


மே 14

அக்கா,

இதில் குழப்பமே இல்லை. நீ குறித்தது பழுது. அது பதிவில் இருக்கிறது. மாறிய நேரத்தில் பேனா அவர் கைக்குப் போயிருந்தது. அதுவும் உண்மை. இந்த இரண்டை மட்டும் எழுது. நான் வாங்கித் தள்ளினேன் என்பதை எழுதாதே. யாரும் பார்க்கவில்லை, அவருக்கும் நினைவிருக்காது. நீ பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரியைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இருபத்திரண்டு வருடம், அக்கா. ஒரு இழுப்புக்காக அதை எழுதிக் கொடுத்துவிடாதே.

தம்பி


மே 17

அக்கா,

முந்தின கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். அதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் இன்னொன்று.

அதைத் தபாலில் போட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பொறுப்பாளர் மேல் பழி போடச் சொல்வதற்கு எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் தெரிந்தது. எழுதுகிறேன்.

ஜனவரியில் உன் உள்ளங்கைக் கேள்வி வந்தபோது எனக்குப் பதில் தெரியாது. நான் இந்த மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறவன். அதில் எழுதிப் பழகியவன் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். ஆமாம், அவளுக்குத்தான். பிரிந்த பிறகு முதல் தடவை. ஒன்பது நிமிடம் பேசினோம். பேச்சு முழுக்க உன் கையைப் பற்றித்தான். அவள் சொன்னாள்: "விரலை மொத்தமா அணைச்சிடாதீங்க. பக்கத்தைத் தள்ள விரல்தான் வேணும். பேனாவால தள்ளினா படறதெல்லாம் கெட்டுப்போகும். உள்ளங்கைக்கு மெல்லிசா ஒரு கையுறை போட்டுக்கச் சொல்லுங்க, நான் அப்படித்தான் பண்றேன்."

அதை நான் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் இது யார் சொன்னது என்று நீ கேட்பாய். அவளுக்குப் போன் செய்தேன் என்று நான் சொல்ல வேண்டிவரும். நீ செய்த அதே காரியத்தை நானும் செய்தேன் என்று ஆகிவிடும். அதனால் என் சொந்தப் புத்தியாக எழுதலாம் என்று முடிவு செய்து, விரலை அணைத்துவிடு என்று எழுதினேன். பேனாவாலேயே தள்ளு என்றும் எழுதினேன்.

அந்த இழுப்பு யாருடையது என்று நீ தேடுகிறாய். உன்னுடையதா, அவருடையதா என்று தெரியாது. ஆனால் அங்கே விரல் வேலை செய்யாமல் போனதற்கு நான்தான் காரணம். விளக்கத்தில் இதையும் எழுது. வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன்.

தம்பி


ஜூன் 20

தம்பி,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. தேதியைப் பார்க்காமல் பின்னதை முதலில் பிரித்துவிட்டேன். எந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது என்கிறாய் என்று புரியாமல் விழித்தேன். முன்னதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். உன் அத்தான் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை, அதுவே எனக்கு அப்போது போதுமாக இருந்தது.

ஒரு வரியைக் குறைக்கச் சொன்னாயே, குறைத்தும் எழுதிப் பார்த்தேன். படித்தால் எல்லாமே உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் பொறுப்பாளரைத்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அந்தக் கட்டடத்தில்தான் வேலை, தரைத்தளத்து அறைதான் வீடு. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வேறு எழுதினேன். பேனா இருவர் கையிலும் இருந்தது, யார் கையில் இருந்தபோது மாறியது என்று எனக்குத் தெரியாது, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்திருக்க வேண்டியது என் வேலை, நான் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்று கேட்டார்கள். திரை திரும்பியதும் எனக்கு வழி தெரியாமல் போய்விட்டது, அது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவசரப்பட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் மிகவும் வெட்கமாக இருந்தது.

உன் பெயரை நான் எழுதவில்லை. நீ சொன்னாய், நான் அணைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் பேனாவால்தான் பக்கத்தைத் தள்ளினேன். எதன்மேல் தள்ளுகிறேன் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இதில் உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று பங்கு போட எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. கையுறை என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கலாம் நீ. ஆனால் ஒன்பது நிமிடம் நீங்கள் இருவரும் என் கையைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள் என்று நினைத்தால் கோபம் எங்கேயோ வழிதவறிப் போய்விடுகிறது. அவள் இதைப் பற்றி என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை, தெரியுமா.

பொறுப்பாளரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். 'ரெண்டு பேரும்தான் தள்ளினோம் சார்' என்றார். அவருக்கு நினைவிருந்தது, தம்பி. நீ நினைவிருக்காது என்றாய்.

முடிவு போன வாரம் வந்தது. ஒரு வருடம் நான் தனியாகப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. இன்னொருவருடன் இரண்டாவது ஆளாகத்தான் போக வேண்டும். நான் பயிற்சி கொடுத்த பெண்தான் இப்போது எனக்கு மேல். அவள் என்னைவிடக் கூச்சப்படுகிறாள். அனுப்புவதற்கு முன் பழுது எல்லாம் தனிப் பக்கத்தில் வர வேண்டும், அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று படிவத்தை மாற்றியிருக்கிறார்கள். காகிதமும் ஒன்று கொடுக்க வேண்டும்.

டீச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். நேற்றுதான் போய்ப் பார்த்தேன். போக வேண்டாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். விசாரணை முடிந்துவிட்டதே என்று நானாகப் போனேன். மாடிப்படி ஏறித்தான் போனேன்.

நாற்பது வயது இருக்கும். காலில் கட்டு, பக்கத்தில் ஊன்றுகோல். யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அது வாய்க்கு வருவதற்குள் அவரே கேட்டார், "நீங்கதான் மாத்தினீங்களா?"

"தெரியல," என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன்.

"உள்ள லிஃப்ட் இருக்கான்னு கதவுக் கண்ணாடி வழியா பாத்தீங்களா, போன் பாத்துட்டே ஏறினீங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க. எங்கம்மா கேக்குறாங்க, டாக்டர் கேக்குறாரு. பாத்தேன்னு சொல்லிட்டு வரேன். எனக்கே தெரியல. தெரியலன்னு சொன்னா யாரும் விட மாட்டேங்குறாங்க."

அதற்குப் பிறகு நான் தயார் செய்த மன்னிப்பைச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, போதும் என்றா, புரியவில்லை.

கிளம்பும்போது ஓர் உதவி செய்ய முடியுமா என்றார். கட்டைப் பிரிக்க அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததாம். விழுந்த நாளிலிருந்து மூன்று தடவை படி வழியாக நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பூட்டை மாற்றி ஒரு மாதம் ஆகிறது, ஆனாலும் அவர் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. இருவரும் லிஃப்ட் முன்னால் போய் நின்றோம்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க. சரியா, பழுதா?"

அப்படிச் சொல்ல எனக்கு இப்போது அனுமதி இல்லை என்றேன். அவர் காதில் வாங்காதது போல நின்றார். பெட்டி கீழே இருக்கும்போதே கதவை முழு பலத்தோடு இழுத்தேன், அசையவில்லை. பொத்தானை அழுத்திப் பெட்டியை வரவழைத்தேன். வந்து நின்றது. கதவைத் திறந்து புதுக் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தேன்.

"சரி," என்றேன்.

"இன்னொரு தடவ இழுத்துப் பாருங்க."

கதவை மூடிப் பெட்டியைக் கீழே அனுப்பிவிட்டு மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் வரவழைத்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் முதலில் கால் வைத்தேன், பிறகு அவர்.

அக்கா